முதல் ஸ்டோரிபோர்டை அழகாக வரையாதீர்கள்

ஸ்டோரிபோர்டு என்பது படம்பிடிக்கும் முன் காட்சிகளை ஷாட் ஷாட்டாக வரைந்து வைப்பது. படக்குழுவிடம் காட்டும் முதல் ஸ்டோரிபோர்டை ஒட்டுத்தாளில், தடித்த மார்க்கரால், ஷாட்டுக்கு ஒரு தாள் என்று கிறுக்குங்கள். தடித்த முனையில் மூக்கு, சட்டைப் பொத்தான் எதுவும் வராது. யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, இவ்வளவுதான் தெரியும். முதலில் பேச வேண்டியதும் அதுதான். பளபளவென்று வரைந்து வைத்தால் ஒளிப்பதிவாளரும் எடிட்டரும் "நல்லா இருக்கு" என்று நகர்ந்துவிடுவார்கள். கிறுக்கல் என்றால் தயங்காமல் கை வைப்பார்கள், மூன்றாவது தாளைப் பிய்த்து முதலில் ஒட்டிப் பார்ப்பார்கள். (கலைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், பழைய வரிசையே மேல் என்று தோன்றுவதும் உண்டு.)

சண்டைக் காட்சிக்கும் கிராஃபிக்ஸ் ஷாட்டுக்கும் இது சரிப்படாது. அங்கே லென்ஸ், தூரம், கேமரா உயரம் எல்லாம் அளவோடு குறித்த படம்தான் வேண்டும்.