மெய்நிகர் கணினிக்கும் ஹோஸ்ட் கணினிக்கும் இடையே கோப்புகளை விரைவாக நகர்த்துவது எப்படி?

மெய்நிகர் கணினியும் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இடையில் கம்பியோ ரவுட்டரோ கிடையாது. அப்படியிருந்தும் சில ஜிகாபைட் கோப்புகளை உள்ளே அனுப்ப அரைமணி நேரம் காத்திருக்க நேர்கிறது. இந்த மந்தத்துக்குப் பல காரணங்கள் உண்டு. எது காரணம் என்று அறியாமல் அமைப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதால் நேரம்தான் வீணாகும். எனவே முதலில் அளந்துவிட்டு, பிறகு மாற்றும் முறையையே இங்கு விளக்குகிறேன். விண்டோஸ் ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாக ஓடும் உபுண்டு லினக்ஸை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

ஒரு கோப்பு ஹோஸ்டிலிருந்து கெஸ்டுக்கு, அதாவது மெய்நிகர் கணினிக்கு, செல்லும்போது, ஹோஸ்டின் வட்டிலிருந்து வாசிக்கப்படுகிறது, ஏதோ ஒரு வழியாகக் கடத்தப்படுகிறது, இறுதியில் கெஸ்டின் மெய்நிகர் வட்டில் எழுதப்படுகிறது. அந்த மெய்நிகர் வட்டும் பெரும்பாலும் ஹோஸ்டின் அதே வட்டில் இருக்கும் ஒரு பெரிய கோப்புதான். ஆகவே ஒரே வட்டு ஒரே நேரத்தில் வாசிக்கவும் எழுதவும் வேண்டியிருக்கிறது. சுழலும் வன்தட்டாக இருந்தால் அதன் முனை இங்கும் அங்கும் அலைந்துகொண்டே இருக்கும். அந்த நிலையில் எந்த நெட்வொர்க் அமைப்பை மாற்றினாலும் பயன் இராது. மெய்நிகர் வட்டுக் கோப்பை வேறொரு எஸ்எஸ்டிக்கு மாற்றுவதே அதற்குத் தீர்வு.

கடத்தும் வழியை மட்டும் தனியாக அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவி போதும். ஒரு பக்கத்தில் அதைச் சர்வராகவும் மறுபக்கத்தில் கிளையன்ட்டாகவும் இயக்கினால், வட்டைத் தொடாமல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்பி வேகத்தைச் சொல்லும். அது 5201 என்ற போர்ட்டைப் பயன்படுத்துவதால் விண்டோஸ் ஃபயர்வாலில் அதற்கு அனுமதி தரவேண்டும். இரு திசைகளிலும் அளந்து பாருங்கள். அனுப்புவதும் பெறுவதும் ஒரே வேகத்தில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. விடை மெகாபிட்டிலோ ஜிகாபிட்டிலோ வரும். அதை 8 ஆல் வகுத்தால்தான் கோப்பு நகலெடுக்கும் சாளரத்தில் தெரியும் மெகாபைட் கணக்குடன் ஒப்பிட முடியும். ஒரு ஜிகாபிட் என்பது 125 மெகாபைட். வட்டை அளக்கும்போது ஓர் எச்சரிக்கை: லினக்ஸ் முதலில் நினைவகத்தில் எழுதிவிட்டுப் பிறகே வட்டுக்கு அனுப்புகிறது. எனவே கெஸ்டின் நினைவகத்தைவிடப் பெரிய கோப்பைக் கொண்டு சோதியுங்கள். தொடக்கத்தில் வேகமாகப் பாய்ந்து சில நொடிகளில் தளர்ந்தால், தளர்ந்த பிறகு தெரியும் வேகமே உண்மையானது.

ஐபெர்ஃப்3 காட்டும் நெட்வொர்க் வேகம் குறைவாக வந்தால் இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ் முன்னிருப்பாகத் தரும் நேட் முறை, ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துண்டு) ஹோஸ்டில் ஓடும் ஒரு நிரல் பிரித்து மீண்டும் கட்டி அனுப்புமாறு அமைந்தது. இணையத்துக்கு அது போதும், பெரிய கோப்புகளுக்குப் பொருந்தாது. கெஸ்டின் நெட்வொர்க் அமைப்பில் இரண்டாவது அடாப்டரை (மெய்நிகர் நெட்வொர்க் அட்டை) இயக்கி, அதை ஹோஸ்டுக்கும் கெஸ்டுக்கும் மட்டுமான ஹோஸ்ட் ஒன்லி வகையாக இணையுங்கள். வழக்கமாக ஹோஸ்டுக்கு 192.168.56.1 என்ற முகவரி அமையும். கெஸ்டுக்கு அதே வரிசையில் வேறொன்று கிடைக்கும். இணையம் பழைய அடாப்டரில் தொடர, கோப்புகள் மட்டும் புதிய வழியில் செல்லும்.

அடுத்தது அடாப்டரின் வகை. முன்னிருப்பு வகை இன்டெலின் பழைய ஜிகாபிட் அட்டை ஒன்றைப் போல நடிக்கிறது. அந்த அட்டையின் ரெஜிஸ்டர்களைக் கெஸ்ட் தொடும்போதெல்லாம் கட்டுப்பாடு, மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குச் சென்று திரும்புவதால் செயலியின் நேரம் கரைகிறது. அதற்குப் பதிலாக விர்ட்ஐஓ எனப்படும் பாராவர்ச்சுவல் வகையைத் தேர்ந்தெடுங்கள். தான் மெய்நிகர் கணினிக்குள் இருப்பதை அறிந்தே எழுதப்பட்ட டிரைவர் அது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 2008 முதல் அது இருப்பதால் உபுண்டுவில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கெஸ்ட் விண்டோஸாக இருந்தால் டிரைவரைத் தனியாக நிறுவவேண்டும். விஎம்வேர் என்ற இன்னொரு மெய்நிகர் மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு இதே பணியை விஎம்எக்ஸ்நெட்3 செய்கிறது. இங்கே பலருக்கும் ஏற்படும் ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்: கெஸ்ட் காட்டும் 1 ஜிகாபிட் அல்லது 10 ஜிகாபிட் என்ற எண் வெறும் பெயர்ப்பலகைதான். உண்மையான எல்லையை வகுப்பவை செயலியும் நினைவகமுமே.

விண்டோஸ் ஹோஸ்டில் விர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ்மூலையில் பச்சை ஆமைச் சின்னம் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஹைப்பர்‑வி (விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க வசதி) ஏற்கெனவே செயலியின் மெய்நிகர் வசதியைப் பிடித்துக்கொண்டதால், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மீது ஏறி மெதுவாக ஓடுகிறது என்பதே அதன் பொருள். சில பாதுகாப்பு வசதிகளும் ஹைப்பர்‑வியைச் சார்ந்தவை என்பதால், அதை நிறுத்துவதற்கு முன் எதை இழக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி என் அனுபவத்தில் மிக அதிகமாக நேரத்தைத் தின்னும் விஷயத்துக்கு வருகிறேன்: சிறு கோப்புகள். ஒரு வலைத்தளத் திட்டத்தின் கோப்புறையைப் பகிர்வுக் கோப்புறை (ஹோஸ்டின் கோப்புறையைக் கெஸ்டுக்குள் காட்டும் வசதி) வழியாக நகலெடுத்தபோது, அதன் மொத்த அளவு சிறியதாக இருந்தும் வேலை முடிவதாகவே இல்லை. அளவு அல்ல, எண்ணிக்கைதான் காரணம். பகிர்வுக் கோப்புறையில் ஒவ்வொரு கோப்புக்கும் திறத்தல், விவரம் கேட்டல், எழுதுதல், மூடுதல் ஆகிய ஒவ்வொரு கட்டளையும் கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்குப் போய்த் திரும்பவேண்டும். ஹோஸ்டில் ஆன்ட்டிவைரஸ் இருந்தால் அதுவும் ஒவ்வொரு கோப்பையும் நிறுத்திச் சோதிக்கும். ஆயிரக்கணக்கான கோப்புகளாகும்போது அலைச்சலே வேலையாகிவிடுகிறது.

இதற்கு எளிய வழி, அனுப்பும் பக்கத்திலேயே எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி, அந்த ஒன்றை மட்டும் அனுப்பி, மறுபக்கத்தில் கெஸ்டின் சொந்த வட்டில் பிரிப்பதாகும். பகிர்வுக் கோப்புறைக்குள்ளேயே பிரித்தால் பழைய கதை திரும்பும். அதிகமாகச் சுருக்கவும் வேண்டாம். ஒரே பெட்டிக்குள் செல்லும் தரவைச் சுருக்கும் உழைப்பு, அனுப்பும் நேரத்தைவிட நீண்டுவிடும். நிரல் எழுதுவோர் மூலக்கோப்புகளைக் கெஸ்டின் வட்டிலேயே வைத்துக்கொண்டு, ஹோஸ்டின் எடிட்டரை எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக இணைத்து வேலை செய்வது எனக்கு மிகச் சிறந்ததாகத் தோன்றுகிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 பயன்படுத்துவோருக்கும் இது பொருந்தும்: லினக்ஸ் கருவிகளால் கையாளும் கோப்புகளைச் சி டிரைவில் வைக்காமல் லினக்ஸின் சொந்தக் கோப்பமைப்பில் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும்.

பெரிய கோப்புகளுக்கு விண்டோஸின் வழக்கமான பகிர்வையே ஹோஸ்ட் ஒன்லி முகவரி வழியாக உபுண்டுவில் இணைத்துக்கொள்ளலாம். எஸ்எஸ்ஹெச் வழியே கோப்புகளை அனுப்பும் எஸ்எஃப்டிபியும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அது தரவை மறையாக்கம் செய்வதால், கெஸ்டுக்கு ஒரே ஒரு செயலி மட்டும் ஒதுக்கியிருந்தால் அதுவே தடையாகும். குறைந்தது இரண்டு ஒதுக்குங்கள். இழுத்துவிடும் வசதியைச் சிறு கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பென் டிரைவைக் கெஸ்டுடன் நேரடியாக இணைப்போர் யுஎஸ்பி அமைப்பைக் கவனிக்கவேண்டும். அது 1.1 என்று இருந்தால் உச்ச வேகம் நொடிக்கு 12 மெகாபிட், அதாவது 1.5 மெகாபைட், எவ்வளவு நல்ல பென் டிரைவாக இருந்தாலும் அதைத் தாண்டாது. அதை 3.0 ஆக மாற்றுங்கள்.

லினக்ஸின் சொந்த மெய்நிகராக்க வசதியான கேவிஎம் பயன்படுத்தும் லினக்ஸ் ஹோஸ்டில், பழைய 9பி பகிர்வுக்குப் பதிலாக விர்ட்ஐஓ‑எஃப்எஸ் சிறந்தது, கெர்னல் 5.4 முதல் கெஸ்டில் அதற்கான டிரைவர் உண்டு. கெஸ்டை ஹோஸ்டின் நெட்வொர்க் அட்டையோடு நேரடியாகக் கோக்கும் மேக்விடேப் முறையில் இணைத்திருந்தால் வெளியுலகம் கிடைத்தாலும் ஹோஸ்டும் கெஸ்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. கோப்புப் பரிமாற்றத்துக்குத் தனியாக ஒரு நெட்வொர்க் பாலம் (பிரிட்ஜ்) அமைக்கவேண்டும்.

நூற்றுக்கணக்கான ஜிகாபைட்டை ஒரே முறை நகர்த்துவதானால், தனியாக ஒரு மெய்நிகர் வட்டை உருவாக்கி, கெஸ்டை நிறுத்திய நிலையில் ஹோஸ்டில் இணைத்து நிரப்பி, பின் கழற்றிக் கெஸ்டில் பூட்டுவது நெட்வொர்க்கையே தவிர்க்கும் வழி. ஆனால் அந்த வட்டை இரு பக்கமும் ஒரே நேரத்தில் இணைக்கவே கூடாது. இரண்டும் தத்தம் நினைவில் உள்ளதை எழுத, கோப்பமைப்பு சிதைந்து தரவு மீட்க முடியாமல் போய்விடும். நகர்த்தி முடிந்ததும் இரு பக்கமும் கோப்பின் கைரேகை போன்ற எஸ்ஹெச்ஏ256 மதிப்பை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மூலத்தை நீக்குங்கள்.