கைப்பேசிக் காணொளிக்குக் கிம்பல்: தேர்ந்தெடுப்பதும் கையாள்வதும்

நடந்துகொண்டே கைப்பேசியில் எடுத்த காணொளி ஆடுவதற்கு இரண்டு தனித்தனிக் காரணங்கள் உள்ளன. மணிக்கட்டு அசைவதால் கைப்பேசி பக்கவாட்டில் சாய்கிறது, இடவலமாகத் திரும்புகிறது, முன்னும் பின்னும் கவிழ்கிறது, இது ஒன்று. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் உடல் மேலேறி இறங்குவதால் கைப்பேசியும் சேர்ந்து மேலேறி இறங்குகிறது, இது மற்றொன்று. கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மோட்டார்களால் நேராக வைத்திருக்கும் கைப்பிடி, கடைகளில் கிம்பல் என்று விற்கப்படுகிறது; அது முதல் வகை ஆட்டத்தை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடும். இரண்டாவது வகை பெரும்பாலும் நம் கால்களின் பொறுப்பிலேயே இருக்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கியவர்கள்தாம் ஒரு வாரத்தில் சலித்துப்போய்க் கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். ஆகவே வாங்குவது எப்படி என்பதோடு, வாங்கிய பின் நடப்பது எப்படி என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா?

பகல் வெளிச்சத்தில் மட்டும் படம் பிடிப்பவர் முதலில் தம் கைப்பேசியிலேயே உள்ள நிலைப்படுத்தும் வசதியை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். 2022இல் ஐஃபோன் 14 வரிசையோடு வந்த ஆக்‌ஷன் மோடும், சாம்சங் கைப்பேசிகளில் உள்ள சூப்பர் ஸ்டெடியும் ஓட்டமாக ஓடி எடுத்த காட்சியைக்கூட ஓரளவு நிலையாக்கித் தருகின்றன. ஆனால் படத்தின் ஓரங்களை வெட்டித்தான் மென்பொருளால் ஆட்டத்தைச் சமன்செய்ய முடியும் என்பதால் காட்சியின் பரப்பு சுருங்கிவிடுகிறது. ஐஃபோன் 14இன் ஆக்‌ஷன் மோடில் 4கே தெளிவு கிடையாது, அதைவிடக் குறைந்த 2.8கே வரைதான் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வெளிச்சம் குறையும்போது வருகிறது. மங்கிய ஒளியில் கைப்பேசி ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது காணொளியின் ஒவ்வொரு தனிப் படத்தையும், அதிக நேரம் திறந்து வைத்துப் பதிவுசெய்கிறது. அந்த நேரத்துக்குள் கை அசைந்தால் அந்த ஃபிரேமே கலங்கிவிடும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள இடப்பெயர்ச்சியை மென்பொருள் சரிசெய்யும். ஒரு ஃபிரேமுக்குள்ளேயே படிந்துவிட்ட கலங்கலை அதனால் அகற்ற முடியாது. மாலை வரவேற்பு, இரவு நேரச் சுவாமி புறப்பாடு, விளக்கு வெளிச்சத்தில் கடைவீதி ஆகியவற்றை எடுப்பவர்களுக்குக் கிம்பல் உண்மையாகவே தேவைப்படுவது இந்தக் காரணத்தால்தான். லென்ஸ் ஆடாமல் இருக்கும்போது, கை அசைவால் வரும் கலங்கல் தோன்ற வழியே இல்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

செல்ஃபிக் கோலோடு ஒரே ஒரு மோட்டார் பொருத்தப்பட்டவையும் கிம்பல் என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. அவை பக்கவாட்டுச் சாய்வை மட்டுமே திருத்தும். விளம்பரத்தில் ‘3 ஆக்ஸிஸ்’ என்று தெளிவாக இருந்தால் மட்டுமே வாங்குங்கள். சாய்தல், திரும்புதல், கவிழ்தல் என்ற மூன்று அச்சுகளுக்கும் மூன்று மோட்டார்கள் இருக்க வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எடை. ஆளைப் பின்தொடர்வது, கையசைத்தால் பதிவைத் தொடங்குவது போன்ற வசதிகளைப் பார்த்து மயங்குவதற்கு முன்னால், உங்கள் கைப்பேசி எவ்வளவு கனம் என்று பாருங்கள். டிஜேஐ நிறுவனத்தின் ஆஸ்மோ மொபைல் 6 என்னும் கிம்பல் தாங்கக்கூடிய எடை 170 முதல் 290 கிராம் வரை. ஐஃபோன் 14 ப்ரோ மேக்ஸ் தனியாகவே 240 கிராம். அதன்மேல் 40 கிராம் எடையுள்ள தடித்த உறையையும் போட்டு, கம்பியில்லா மைக்கின் ரிசீவரையும் செருகினால் எல்லையைத் தொட்டுவிடுகிறோம். எல்லையில் இயங்கும் மோட்டார் சூடேறும், மின்கலத்தை விரைவாகத் தீர்க்கும், திடீரென்று பாதுகாப்புக்காகத் தளர்ந்து கைப்பேசியைத் தொங்கவிட்டுவிடும். கீழ் எல்லையும் முக்கியம்: 2022இல் வந்த ஐஃபோன் எஸ்இயின் எடை 144 கிராம்தான் என்பதால் அது இந்தக் கருவியின் வரம்புக்குள் வராது; 130 கிராமிலிருந்து 300 கிராம் வரை ஏற்கும் இன்ஸ்டா360 ஃப்ளோ அதற்குப் பொருந்தும். கனமான கைப்பேசியோடு மைக், சிறு விளக்கு என்று கூடுதலாகவும் மாட்ட விரும்புகிறவர்களுக்கு, 400 கிராம் தாங்கும் ஹோஹெம் ஐஸ்டெடி எம்6ஐயே நான் பரிந்துரைப்பேன். சற்றுப் பெரியது, பையில் இடம் பிடிக்கும். ஆனால் மோட்டார் திணறுவதைப் பார்க்க வேண்டியிராது.

நீளும் கம்பி பற்றி என் கருத்து இது. ஆஸ்மோ மொபைல் 5, 6, ஃப்ளோ ஆகியவற்றில் 215 மில்லிமீட்டர் வரை நீளும் கம்பி உண்டு. கூட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடிக்க அது மிகவும் உதவும். நடந்துகொண்டு எடுக்கும்போது மட்டும் அதை உள்ளேயே வைத்திருங்கள். கம்பி நீள நீள மணிக்கட்டின் சிறு அசைவும் மறுமுனையில் பெரிதாகிறது, கையும் விரைவில் களைத்துவிடுகிறது. மடக்கும் முக்காலி கைப்பிடிக்குள்ளேயே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பிடியின் அடியில் உள்ள கால் அங்குலத் திருகுத் துளையில் சாதாரணச் சிறு முக்காலியைப் பொருத்திக்கொள்ளலாம்.

பொருத்துதல்

உறையைக் கழற்றிவிடுங்கள். கைப்பேசியைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் அதன் நடுப்பகுதியில் வரும்படி மாட்டி, ஒலிப் பொத்தான்களையோ மின்பொத்தானையோ அது அழுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தக் கிளாம்பாக இருந்தால் அதில் கேமரா அடையாளம் இருக்கும். அந்த அடையாளம் கைப்பேசியின் கேமரா உள்ள பக்கம் நோக்கி இருக்க வேண்டும்.

கருவியை இயக்குவதற்கு முன் சமநிலையைச் சோதிப்பது அவசியம். விரித்தவுடன் தானாக இயங்கும் வகையானால் ஒருமுறை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாக வைத்துக் கையை எடுத்தால் எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கம் கனம் அதிகம். கிளாம்பை அந்தப் பக்கமாகச் சிறிது நகர்த்த வேண்டும். இன்றைய கைப்பேசிகளில் கேமராத் தொகுதி கனமானது என்பதால், அளந்து பார்த்த நடுப்புள்ளியும் எடையின் நடுப்புள்ளியும் ஒன்றாக இருப்பதில்லை. சமநிலை இல்லாவிட்டாலும் மோட்டார் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். அப்படி ஓயாமல் இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காணொளியில் மெல்லிய நடுக்கமாகத் தெரிகிறது.

இயக்கிய பின் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், கைப்பேசி கிளாம்பில் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் சாய்வு மாறாவிட்டால், கருவியைச் சமதளமான மேசைமேல் அசையாமல் நிறுத்தி, கருவிக்கான செயலியில் உள்ள தானியங்கி அளவுதிருத்தத்தைச் செய்யுங்கள். திரையில் கட்டக் கோடுகளை எப்போதும் காட்டும்படி வைத்திருந்தால் சாய்வு உடனே கண்ணில் படும்.

நடத்தல்

பெரும்பாலானோர் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் இதை மெதுவாகப் படியுங்கள்.

மூன்று அச்சுகளும் கோணத்தைக் காக்கின்றன. உயரத்தைக் காப்பதற்கு நான்காவது அச்சு எதுவும் இல்லை. கோணம் மாறும்போது அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள கோபுரமும் ஒரே அளவில் ஆடுகின்றன. உயரம் மாறும்போதோ தொலைவிலுள்ள கோபுரம் அசையாமல் நிற்க, அருகிலுள்ள தூண் மட்டும் குதிக்கிறது. திறந்த கடற்கரையில் அழகாக வந்த காட்சி, குறுகிய நடைபாதையில் சுவரை ஒட்டி எடுக்கும்போது படகுபோல் ஏறி இறங்குவதன் காரணம் இதுவே. கருவி பழுதாகிவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் திருப்பி எடுத்துச்செல்ல வேண்டியதில்லை.

முழங்கால்களைச் சற்று மடக்கியே வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையில் படும் அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்புக்கு மேலே அது வரக்கூடாது. கரகாட்டம் ஆடுபவரின் கால்கள் எவ்வளவு விரைவாக இயங்கினாலும் தலையிலுள்ள கரகம் ஒரே மட்டத்தில் மிதப்பதை நினைத்துக்கொண்டால், உடலின் எந்தப் பகுதி வேலை செய்ய வேண்டும், எது அமைதியாக இருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். முன்னோக்கி நடக்கும்போது குதிகாலை முதலில் வைத்து, பாதத்தை உருட்டியபடி விரல்களுக்கு எடையை மாற்ற வேண்டும். பின்னோக்கி நடக்கும்போது விரல்களில் தொடங்கிக் குதிகாலில் முடிக்க வேண்டும். அடிகள் சிறியனவாக இருக்கட்டும். முழங்கை உடலை ஒட்டியிருக்கட்டும்; முடிந்தபோதெல்லாம் மற்றொரு கையால் கைப்பிடியின் அடிப்பகுதியைத் தாங்கிக்கொள்ளுங்கள். தளர்வான செருப்பு அணிந்தால் படமும் ஆடும், செருப்பின் ஓசையும் மைக்கில் பதியும் என்பதால் காலோடு பொருந்தும் காலணியே ஏற்றது.

பயிற்சிக்கு வீட்டுத் தாழ்வாரமோ மொட்டைமாடியோ போதும். கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பு படத்தின் நடுவில் கிடைக்கோடாக வரும்படி வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே நடந்து பதிவுசெய்யுங்கள். அந்தக் கோடு திரையில் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைப் பார்த்தால் உங்கள் நடையின் குறை அப்படியே தெரிந்துவிடும். நடக்கத் தொடங்கி இரண்டு மூன்று அடிகள் சென்ற பிறகு பதிவை ஆரம்பித்து, நிற்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நடை தொடங்கும் இடத்திலும் நிற்கும் இடத்திலும்தான் உடல் அதிகம் குலுங்குகிறது. படிக்கட்டில் ஏறியபடி எடுப்பதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

காட்சியை அமைக்கும்போதும் இந்த அறிவு பயன்படும். நடந்துகொண்டு எடுக்கும்போது மிக அருகிலுள்ள பொருள்களைச் சட்டகத்தில் சேர்க்காமல் இருந்தால் ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். ஜூம் செய்யாமல் கைப்பேசியின் முதன்மைக் கேமராவையே பயன்படுத்துங்கள். தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸ் எஞ்சியிருக்கும் சிறு ஆட்டத்தையும் பெரிதாக்கிக் காட்டும்.

மோடுகளும் திரும்புதலும்

ஒவ்வொரு நிறுவனமும் மோடுகளுக்கு வெவ்வேறு பெயர் சூட்டியிருந்தாலும், தொடங்குபவருக்கு வேண்டியவை இரண்டே. இடவலமாக மட்டும் கையைப் பின்தொடரும் மோடு ஒன்று. டிஜேஐ கருவிகளில் இதன் பெயர் டில்ட் லாக்ட், ஜியுன் நிறுவனத்தின் கருவிகளில் பேன் ஃபாலோ. நடப்பதற்கு இதையே வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, எந்தத் திசையிலும் திரும்பாமல் ஒரே நோக்கில் நிற்கும் லாக் மோடு. ஒருவருக்குப் பக்கவாட்டில் நடந்து அவரை எடுக்கும்போது இது தேவைப்படும். எஃப்பிவி போன்ற மற்ற மோடுகளில் கைப்பேசி கையோடு சேர்ந்து சாய்வதால் அவற்றைப் பின்னால் பழகிக்கொள்ளலாம்.

திரும்பும்போது மணிக்கட்டை மட்டும் திருப்பாதீர்கள். மோட்டார் சிறிது தாமதித்துத்தான் பின்தொடரும். நீங்கள் சட்டென்று நிறுத்தினால் அது கடந்துபோய்த் திரும்பி வரும். இடுப்பிலிருந்து உடலையே மெதுவாகத் திருப்பி, மெதுவாகவே நிறுத்துங்கள். செயலியில் பின்தொடரும் வேகத்தைக் குறைந்த அளவில் வைத்தால் இது எளிதாகும். கிம்பலோடு ஆக்‌ஷன் மோடையும் சூப்பர் ஸ்டெடியையும் சேர்த்து இயக்காதீர்கள். நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் ஆட்டமென்று எண்ணி மென்பொருள் எதிர்த்து இழுப்பதால் காட்சி நின்று நின்று நகரும்.

எந்தச் செயலியில் பதிவுசெய்வது?

ஆளைப் பின்தொடரும் வசதி தேவையில்லாத காட்சிகளுக்கு நான் கருவியோடு வரும் செயலியைப் பரிந்துரைப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் பிளாக்மேஜிக் கேமரா செயலி 2023இல் ஐஃபோனுக்கும் 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரமான ஷட்டர் வேகத்தையும் வெளிச்சத்தையும் நாமே நிலைநிறுத்த அது இடமளிக்கிறது. மண்டபங்களில் இதன் அருமை தெரியும். இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அதைச் சார்ந்து ஒளிரும் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் அந்தத் துடிப்பு படத்தில் பட்டைகளாகத் தெரியாது. 1/60 என்று வைத்தால் தெரியக்கூடும். நல்ல வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும் என்பதால், தொடக்க நிலையில் பகல் காட்சிகளுக்கு ஷட்டரைத் தானியங்கியாகவே விட்டுவிடலாம்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

ஆண்ட்ராய்டில் டிஜேஐ கிம்பல்களுக்கான மிமோ செயலியைப் பிளே ஸ்டோரில் தேடிக் கிடைக்கவில்லை என்று பலர் எழுதியிருந்தனர். அங்கே தேட வேண்டாம். டிஜேஐயின் சொந்தத் தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவிக்கொள்ள வேண்டும். வேறு தளங்களில் கிடைக்கும் கோப்புகளை நிறுவாதீர்கள்.

மைக் ரிசீவரைச் செருகியதும் கைப்பேசி ஒரு பக்கம் சரிகிறது என்பது மற்றொரு கேள்வி. ரிசீவர் உள்ள முனை கனமாகிவிட்டதால் கிளாம்பை அந்த முனை நோக்கி நகர்த்திச் சமநிலையை மீண்டும் பாருங்கள். கைப்பேசி முழுவதும் சுழலும்போது ரிசீவர் கருவியின் கையில் இடிக்காமல் இருக்கிறதா என்பதையும் கையால் மெல்லச் சுழற்றிச் சோதியுங்கள். கம்பியுள்ள காலர் மைக்கானால், கம்பி இழுபடாதபடி தாராளமாக வளைத்துவிட்டுக் கைப்பிடியோடு கட்டிக்கொள்ளுங்கள்; விறைப்பான கம்பி மோட்டாரை ஓயாமல் ஒரு பக்கம் இழுக்கும்.

மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் கிம்பலைப் பொருத்தலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில், கூடாது என்பதே. காற்றின் விசையையும் எஞ்சினின் அதிர்வையும் தாங்க இந்தச் சிறு மோட்டார்கள் உருவாக்கப்படவில்லை. கைப்பேசிக்கும் அது கேடு: சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு கேமராவின் ஒளியியல் நிலைப்படுத்தலையும் தானியங்கி ஃபோகஸையும் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது, சிறிய எஞ்சின் அல்லது மின்சார ஸ்கூட்டரில் பொருத்துவதாக இருந்தால்கூட அதிர்வு குறைக்கும் தாங்கியைப் பயன்படுத்துமாறு அது கூறியது. வண்டிப் பயணத்தைப் பதிவுசெய்ய விரும்புகிறவர்கள் தலைக்கவசத்திலோ மார்புப் பட்டையிலோ பொருத்தும் ஆக்‌ஷன் கேமராவை வாங்கிக்கொள்ளட்டும். கைப்பேசியையும் கிம்பலையும் வண்டியை விட்டு இறங்கிய பிறகு எடுக்கலாம்.