மாரியில் ஊருக்கு வருகிறவர்களுக்கு: பனி எது, புகை எது

டிசம்பர் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த தங்கையின் மகன், மட்டக்களப்புக்கு வந்த மூன்றாம் நாளே இருமத் தொடங்கினான். "பிள்ளைக்குப் பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று அம்மா தொப்பி போட்டுவிட்டார். இருமல் நிற்கவில்லை. அவன் படுத்த அறையின் யன்னலுக்குக் கீழேதான் நாங்கள் பின்னேரம் பின்னேரம் வளவுக் குப்பையை எரித்துக்கொண்டிருந்தோம். அது நாலாம் நாள்தான் உறைத்தது.

மாரி மழை பெய்கிற நாட்களில் எங்கள் பக்கத்துக் காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும். மழை இடைவெளிவிடும் நாட்களில்தான் கவனம் வேண்டும். வாடைக்காற்று வங்கக் கடலைத் தாண்டி வரும்போது, சில வேளை இந்தியப் பக்கத்து நுண்தூசையும் கொண்டுவரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது அப்படித்தான் ஆனது. காற்று கெட்டுப்போனதால் 9ஆம் திகதி இலங்கை முழுவதும் அரச பாடசாலைகளை மூடினார்கள்.

வயல் மேல் நிற்கும் காலைப்பனி வெயில் ஏறக் கலைந்துவிடும். பத்து மணிக்கும் வானம் சாம்பல் பூத்து, வாவியின் அக்கரை மங்கலாகத் தெரிந்தால் அது பனி இல்லை. போனில் காற்றுத்தரச் சுட்டெண்ணை (AQI) பாருங்கள். 100ஐத் தாண்டினால் முட்டு (ஆஸ்துமா) வருத்தக்காரர், குழந்தைகள், வயதானவர்கள் வெளியில் ஓடியாட வேண்டாம். 150ஐத் தாண்டினால் எல்லோருக்கும் அதே கதைதான். அளவிடும் கருவி பக்கத்தில் இல்லாத இடத்துக்குக் காட்டும் எண் வெறும் கணிப்பு. அதனால் உங்கள் கண்ணையும் மூக்கையும் சேர்த்தே நம்புங்கள்.

பெப்ரவரி, மார்ச்சில் வருகிறவர்களுக்குப் பெரும்போக நெல் அறுவடைக் காலம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறைப் பக்கத்திலும் வைக்கோல் எரிகிற வயல்களைக் காணலாம். காற்று அசையாத விடியலிலும் இருட்டும் நேரத்திலும் புகை நிலத்தோடு படுத்துக்கிடக்கும். வயல்பக்கம் போவதென்றால் நடுப்பகலில் போங்கள். தங்குவதற்கு, முடிந்தால் கல்லடி போலக் கடற்காற்றுப் படும் இடம் நல்லது.

துணி முகக்கவசம் தலைமுடியைவிட முப்பது மடங்கு சிறிய தூசைத் தடுக்காது. என்95 நாலைந்து கொண்டுவாருங்கள். இன்ஹேலரைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். இரவில் நுளம்புத்திரி கொளுத்தாமல் வலை கட்டுங்கள். பூட்டிய அறைக்குள் அந்தப் புகை சின்னப் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 1990ஐ அழையுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

கடினமானது, உறவுக்காரர் வீட்டில் "எரிக்காதீர்கள்" என்று சொல்வது. குறை சொல்வதுபோல ஆகிவிடுமோ என்று பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வருவதற்கு முன்பே தொலைபேசியில், "மாமி, இவனுக்கு முட்டு இருக்கு, நாங்கள் நிற்கிற நாட்களுக்குப் புகை போடாமல் இருந்தால் நல்லம்" என்று சொல்லிவிடுங்கள். எங்கள் ஆட்கள் பிள்ளைக்கென்றால் மறுக்க மாட்டார்கள். சருகைத் தென்னையடியில் போட்டு, பொலித்தீனைப் பையில் கட்டிச் சபைக் குப்பை வண்டிக்குக் கொடுக்கும் வேலையை நீங்களே எடுத்துச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் தங்கைதான் அதைச் செய்தாள். ஒரு கிழமையில் மருமகனின் இருமல் குறைந்துவிட்டது.