அடிபட்ட கல்லூரி ஹாக்கி வீரரைப் பற்றி எவ்வளவு கேட்கலாம்? கோப்பிக்கடைச் சண்டைக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஹாக்கி என்றால் பலருக்கும் செங்காங் அரங்கில் பார்க்கிற திடல் ஹாக்கிதான் ஞாபகம் வரும். நான் சொல்வது அமெரிக்கக் கல்லூரிகளின் ஐஸ் ஹாக்கி. அங்கே கிழக்குக் கரையில் வெள்ளி இரவு 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் நமக்குச் சனி காலை 8 மணி. தேக்காவில் கோப்பி ஓவும் பரோட்டாவுமாக உட்கார்ந்து கைபேசியில் பார்க்கிற நாலு பேர் நாங்கள். நட்சத்திர வீரர் ஒருவர் இரண்டாம் பகுதியில் நொண்டிக்கொண்டு உள்ளே போவார், திரும்ப வரமாட்டார், ஆட்டம் முடிந்ததும் பயிற்றுநர் ‘கீழ் உடம்பில் காயம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இடுப்பிலிருந்து கால் சுண்டுவிரல் வரை எல்லாமே கீழ் உடம்புதானே! “காசு கட்டிப் பார்க்கிறவனுக்கு இதுகூடச் சொல்ல மாட்டாங்களாண்ணே, செய்தியாளர்லாம் எதுக்கு இருக்காங்க?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். அவ்வளவுதான், ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சண்டையில் சொதப்பாமல் பேச, முதலில் கேள்வியை இரண்டாக உடையுங்கள். நாளைக்கு ஆடுவாரா என்பது ஒன்று. என்ன அடி, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்பது வேறு. முன்னது ஆட்டத்தைப் பற்றியது, அதைக் கேட்க ரசிகனுக்கு உரிமை இருக்கிறது, செய்தியாளரும் விடாமல் கேட்கத்தான் வேண்டும். பின்னது இருபது வயதுப் பையனின் உடம்பைப் பற்றியது, அவன் வாயால் வந்தால்தான் சரி. இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் பாதிச் சண்டை.

அப்புறம் சட்டம். “ஹிப்பா இருக்கே, எழுதினா கேஸ் போட்டுடுவாங்க” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். நோயாளியின் மருத்துவத் தகவலைக் காக்க 1996-இல் வந்த அந்த அமெரிக்கச் சட்டம் மருத்துவமனை, மருத்துவர், காப்பீட்டு நிறுவனம் மாதிரி ஆட்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, செய்தியாளரை இல்லை. கல்லூரிக்குப் பொருந்துவது 1974-இன் ஃபெர்ப்பா: மாணவரின் பதிவுகளைப் பொதுவாக அவர் சம்மதமில்லாமல் வெளியே விடக்கூடாது. பள்ளி வரை பெற்றோரிடம் இருக்கிற அந்த உரிமை, கல்லூரியில் சேர்ந்ததும் பிள்ளையின் கைக்கே வந்துவிடும். ஆக, கல்லூரி வாயை மூடிக்கொள்வதில் சட்டம் கொஞ்சம், பயிற்றுநரின் தந்திரம் மிச்சம். பல வாரங்களில் அதே எதிரணியோடு மறுநாளும் ஆட்டம் இருக்கும், இடது மணிக்கட்டு என்று தெரிந்துவிட்டால் எதிராளியின் மட்டை அங்கேயேதான் போகும். இந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். அதை ஒளித்துவிட்டு ‘சட்டம் விடவில்லை’ என்று மழுப்புவதைத்தான் சகிக்க முடியவில்லை.

“என்எஃப்எல்ல வாராவாரம் காயப் பட்டியல் போடுறாங்களே” என்றால், அது அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக், அங்கே ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்கும் ஆட்கள் என்று சொல்லுங்கள். உடனே, 2021-லிருந்து கல்லூரி வீரர்களும் விளம்பரத்தில் சம்பாதிக்கிறார்களே என்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் விற்பது பெயரையும் முகத்தையும், முட்டி ஸ்கேனை இல்லை.

பந்தயப் பேச்சு வந்தால் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு விளையாட்டுப் பந்தயக் கதவைத் திறந்துவிட்டதிலிருந்து உள்தகவலுக்கு விலை வந்துவிட்டது. அதனால்தான் பிக் டென் என்ற கல்லூரி லீக் 2023-இலிருந்து அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு பட்டியல் போடுகிறது: ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன்னால், யார் இல்லை, யார் சந்தேகம் என்று மட்டும். என்ன காயம் என்று அதில் இருக்காது. ஹாக்கிக்கும் இது போதும் என்பதுதான் என் கட்சி. (உரிமமில்லாத தளத்தில் காசு வைப்பது நம் ஊரில் குற்றம், பந்தயப் பேச்சை எடுத்த நண்பருக்கு மெதுவாக ஞாபகப்படுத்துங்கள்.)

நான் மட்டும் யோக்கியன் என்று நினைக்காதீர்கள். அக்கா மகன் பாலிடெக்னிக்கில் திடல் ஹாக்கி ஆடுகிறவன், ஒரு நாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நான் இதே மேசையில் “முட்டில ஏசிஎல் நார் போச்சு, தேசிய சேவையில பெஸ் உடல்தகுதி நிலையே மாறிடும்” என்று அளந்துவிட்டேன். சாயங்காலம் புளோக் லிஃப்டில் பக்கத்து வீட்டம்மா அக்காவிடம் துக்கம் விசாரித்திருக்கிறார். வெறும் சுளுக்கு. பையன் என்னோடு இரண்டு வாரம் பேசவில்லை.

அதனால் ஊகிக்க வேண்டும் என்று கை அரித்தால், ஊகிக்க வேண்டியதை மட்டும் ஊகியுங்கள். வலியை முகத்தில் படிக்கப் பார்க்காதீர்கள். கல்லூரி ஹாக்கியில் முழு முகக் கவசம் கட்டாயம், சின்னத் திரையில் ஒன்றும் தெரியாது. தலையில் அடிபட்ட மாதிரி இருந்தால் வாயே திறக்காதீர்கள். மூளை அதிர்ச்சி என்று உறுதியானவர் அன்றைக்குத் திரும்ப ஆடவே முடியாது, மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் வருவார், நாள்கணக்கு யாருக்கும் தெரியாது. மற்றபடி, மறுநாள் ஆட்டத்துக்கு முன் வருகிற வரிசைப் பட்டியலைப் பாருங்கள். நாலு முன்கள வரிசை, மூன்று தற்காப்பு ஜோடி. பெயரே இல்லையா, ஆடவில்லை. முதல் வரிசை ஆள் நாலாவதில் இருந்தால் முழுசாகத் தேறவில்லை போல என்று வைத்துக்கொள்ளலாம், வெறும் ஃபார்ம் பிரச்சினையாகவும் இருக்கலாம். ஞாயிறு காலை எங்கள் மேசையில் அந்தப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கிற வேலை என்னுடையது. வாசித்து முடித்ததும் அடுத்த பரோட்டா சொல்லிவிடுவேன்.