புயல் ஓய்ந்த விளையில் எதை முதலில் தொடுவது

விளையில், அதாவது தோட்டத்தில், காற்று நின்றதும் கை பரபரக்கும். வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு சாய்ந்த மரத்தை வெட்டத் தோன்றும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கரையை உரசிப் போனபோது ரப்பர், வாழை, தென்னை எல்லாம் ஒரே நாளில் சாய்ந்தன; கரண்ட் திரும்பப் பல ஊர்களில் பல நாள் ஆயிற்று. அப்படி ஒரு நிலையில் எல்லா வேலையும் ஒரே அவசரம் போலத் தெரியும். ஆனால் மரச்சீனிக்கு (மரவள்ளிக்கு) இரண்டு மூன்று நாள்தான் தவணை, சாய்ந்த தென்னங்கன்றுக்கு மண் ஈரம் காயும் வரை தவணை, முறிந்த ரப்பர் தடிக்கு ஒரு வாரம்கூடக் கிடையாது. கரண்ட் கம்பிக்கு மட்டும் தவணையே இல்லை.

விளைக்குள் காலை வைக்கும் முன் கம்பியைப் பாருங்கள். அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். பலரும் தவறவிடுவது முள்வேலியை. லைன் கம்பி எங்கோ ஒரு மூலையில் வேலிமேல் விழுந்திருந்தால் வேலி முழுக்க மின்சாரம் ஓடும்; 50 மீட்டர் தள்ளி ஆடு கட்டியிருக்கும் கம்பியும் கொல்லும். ஈர மூங்கில், பச்சை ஓலை எதுவும் காப்பு ஆகாது, அதனால் கம்பால் தள்ளிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் போன பிறகுதான் கம்பியைக் கண்டீர்கள் என்றால், இரண்டு பாதத்தையும் சேர்த்தே வைத்துத் தரையோடு நகர்த்தி விலகுங்கள். எட்டி நடந்தால் இரண்டு காலுக்கும் இடையில் மின்னழுத்த வித்தியாசம் ஏற்பட்டு உடம்பு வழியே பாயும். மின்வாரியத்தின் 1912 அல்லது 94987 94987 எண்ணுக்குச் சொல்லும்போது போஸ்டில் பெயின்ட் அடித்திருக்கும் எண்ணையும் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் இடத்தையும் சேர்த்துச் சொன்னால் லைன்மேன் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்து போன். வெட்டுவதற்கு முன், தூக்கி நிறுத்துவதற்கு முன், படம் எடுங்கள். விளையின் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று, சாய்ந்த மூடுகளை (மரங்களை) எண்ணக்கூடிய விதத்தில் சில, பக்கத்து வீடோ கோயிலோ தெரியும்படி ஒன்று. போனில் இருப்பிடப் பதிவு (லொகேஷன்) ஓடட்டும். பயிர்க் காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுங்கள். அரசு நிவாரணத்துக்குப் பயிர்ச் சேதம் 33 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. கிராம நிர்வாக அலுவலரும் தோட்டக்கலைத் துறையும் கணக்கெடுக்க வரும்போது சாய்ந்த மூடுகளின் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கட்டும். எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்கிய விளையில் சேதத்தை நிரூபிப்பது கஷ்டம்.

குடிநீர்க் கிணற்றில் கலங்கல் வெள்ளம் இறங்கியிருந்தால் முடிந்த அளவு இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் போடுங்கள். கிணற்றின் விட்டம் 2 மீட்டர், தண்ணீர் 3 மீட்டர் என்றால் ஏறக்குறைய 9,400 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 24 கிராம் போதும். கலங்கல் இன்னும் இருந்தால் அளவை இரட்டிப்பாக்கலாம். பொடியை அப்படியே கொட்டக் கூடாது. பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் பக்கெட் வரை நிரப்பிக் கலக்கி, 10 நிமிடம் வையுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இறைக்கலாம். பழைய, காற்றுப் பட்டுக் கட்டிதட்டிய பவுடரில் குளோரின் இருக்காது. வாசனை மூக்கைத் துளைக்காவிட்டால் கடையில் புதுசு வாங்குங்கள்.

கரண்ட் இல்லாத இரவுகளுக்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் சாகும். இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் கழித்தால் கைக்கு வருவது 750 அளவுதான். 9 வாட் எல்இடி மூன்று, போன் சார்ஜ், ஒரு ஃபேன் சேர்ந்து 97 வாட். எட்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஃபேனை நிறுத்தினால் 20 மணி நேரம் ஓடும். விசிறிமட்டை எதற்கு இருக்கிறது?

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, இரண்டு பக்கமும் பிளக் மாட்டிய வயரால் வீட்டு சாக்கெட்டில் கொடுப்பது. மெயின் போட்டபடி இருந்தால் அந்தக் கரண்ட் வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி போஸ்டில் ஏறியிருப்பவர் மீது அது பாயும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைனும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேராமல் தடுக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் மோட்டாரையோ பல்பையோ நேரே ஜெனரேட்டரில் மாட்டுங்கள். 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1 கிலோவாட்தான், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். 3 கேவிஏக்குக் குறைந்த ஜெனரேட்டர் திணறும். 5 எச்பி மோட்டாருக்கு வாடகை டீசல் இன்ஜினே நல்லது. வராந்தா, தொழுவம் எங்கும் ஜெனரேட்டரை ஓட்டக் கூடாது. அதன் புகையில் மணமே இல்லாத நச்சு வாயு உண்டு.

இனி பயிர். ஏத்தன் (நேந்திரன்) வாழையில் குலை தள்ளி 70 நாள் தாண்டியவை சாய்ந்தால் வெட்டி விற்றுவிடுங்கள்; சிப்ஸ் போடுகிறவர்கள் வாங்குவார்கள். பாதி வேர் மண்ணில் இருக்கும் வாழையை இரண்டு கம்பால் கத்தரிக்கோல் போல் முட்டுக் கொடுத்து நிறுத்தலாம், மீதிக் காயும் மெல்ல முற்றும். வெயில் படும் குலையைக் காய்ந்த சருகால் மூடுங்கள். குலை தள்ளாமல் முறிந்ததைத் தரையோடு வெட்டி, ஈட்டி போன்ற ஒடுங்கிய இலைக் கன்று ஒன்றை மட்டும் விடுங்கள். அகன்ற இலைக் கன்று பார்க்கக் கொழுத்திருந்தாலும் பலன் தராது. தேங்கிய தண்ணீரை இரண்டு நாளுக்குள் வடித்தால்தான் வேர் பிழைக்கும்.

மரச்சீனி வெள்ளத்தில் நின்றால் இரண்டு மூன்று நாளில் கிழங்கு அழுகத் தொடங்கும். சாய்ந்து மட்டும் கிடந்தால் நிமிர்த்தி மண் அணைத்து விடுங்கள், பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அதுவும் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், வெயில் இல்லாமல் வற்றலும் போட முடியாது. இங்கே இன்னொரு எச்சரிக்கை. விழுந்த மரச்சீனி இலையையும் ரப்பர் இலையையும் ஆடு ஆசையாக மேயும். இரண்டிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் உண்டு. வேறு தீனி இல்லாத நாளில் வயிறு நிறைய மேய்ந்தால் ஒரு மணி நேரத்தில் மூச்சுத் திணறி விழும். ஆட்டைக் கட்டிப் போட்டு, வாழைத்தண்டைச் சிறிதாக நறுக்கிப் பிண்ணாக்குடன் கொடுங்கள்.

சாய்ந்த ரப்பரை அறுக்கும்போது வளைந்து கிடக்கும் தடியைக் கவனியுங்கள். உட்பக்கம் அமுங்கியும் வெளிப்பக்கம் இழுபட்டும் இருக்கும். முதலில் உட்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு வெளிப்பக்கம் முடியுங்கள். மாற்றிச் செய்தால் தடி சாட்டை போல் அடிக்கும். தடியைப் பிரித்த கணத்தில் வேர்மண்ணோடு கூடிய அடிமூடு குழிக்குள் திரும்பி விழும். அதன் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, குழந்தைகள் அறவே கூடாது. தடியைச் சீக்கிரம் விலைபேசுங்கள். நாள் கடந்தால் நீலம் பாய்ந்து, பூச்சி துளைத்துப் போகும். ஊரே ஒரே நேரத்தில் விற்பதால் விலை இறங்கும், அதற்காகக் காத்திருந்தால் மீதியும் போகும். கிளை முறிந்து நிற்கும் மரத்தில் முறிவுக்குக் கீழே சுத்தமாக வெட்டி, பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவுங்கள். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் பாத்திரம் போதும். பளபளப்பான கத்தி முனையை ஒரு நிமிடம் தோய்த்துப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.

தென்னங்கன்று சாய்ந்திருந்தால் இரண்டு மூன்று நாளுக்குள், மண் ஈரமாக இருக்கும்போதே நிமிர்த்துங்கள். சாயாத பக்கம் மண்ணை எடுத்து, சாக்கு சுற்றிய கயிற்றால் மெல்ல இழுத்து, மூன்று பக்கம் முட்டுக் கொடுத்து மண்ணை மிதித்து இறுக்குங்கள். முற்றிய தென்னையில் பாதி வேர் அறுந்திருந்தால் விட்டுவிடுங்கள். நிமிர்த்தும் கூலி நஷ்டம். குருத்துத் தப்பிய மரங்களில் காண்டாமிருக வண்டு வரும்: வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு சேர்த்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் நடுக்குருத்தைச் சுற்றிய மூன்று மட்டைகளின் அடியில் வையுங்கள். அழுகும் தடியில் இந்த வண்டு முட்டையிடும், எனவே விழுந்த தடியைப் பிளந்து காயவிட்டு அடுப்புக்கு எடுங்கள்.

கரண்ட் வந்ததும் உடனே மோட்டார் போடாதீர்கள். முதலில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு ஒரு பல்பை மட்டும் போடுங்கள். வழக்கத்துக்கு மாறாக மிகப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது. மெயினை உடனே அணையுங்கள், இல்லாவிட்டால் ஃபிரிட்ஜும் டிவியும் போகும். மூன்று பேஸ் மோட்டாருக்கு ஒவ்வொரு ஜோடி பேஸுக்கும் இடையில் 415 வோல்ட் அளவு இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். ஒரு பேஸ் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் ஹம் என்று உறுமி, சில நிமிடத்தில் வைண்டிங் கருகும். வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவி இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, 500 வோல்ட் மெக்கரில் (வைண்டிங்கின் காப்பைச் சோதிக்கும் மீட்டரில்) குறைந்தது 1 மெகாஓம் காட்டிய பிறகே போடலாம்.

மூன்று பேஸும் சரி, மோட்டாரும் சத்தமின்றி ஓடுகிறது, ஆனால் தண்ணீர் மட்டும் பாதிதான் வருகிறது என்றால் உடனே கிணற்றையோ புட்வால்வையோ (உறிஞ்சு குழாயின் அடிவால்வையோ) குறை சொல்லாதீர்கள். புது லைன் கட்டும்போது பேஸ் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றலாம். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதேனும் இரண்டை மாற்றி மாட்டுங்கள்.