அரசு உதவி: பேசும்போதும் வாங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நாங்க வரி கட்டுறோம், அவங்க உக்காந்து சாப்பிடுறாங்க." வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எந்தப் பக்கம் டீக்கடையில் நின்றாலும் மாதம் 15ஆம் தேதி வாக்கில் இந்தப் பேச்சு காதில் விழும். அன்றுதான் மகளிர் உரிமைத் தொகை கணக்கில் ஏறுகிற நாள். இதைச் சொல்கிறவரும் பெரும்பாலும் உழைக்கிற ஆள்தான். தன் உழைப்பு வீணாகிறதோ என்ற அவருடைய கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும்.

எங்கள் பகுதியில் நலத்திட்ட விண்ணப்பங்களை எழுதிக் கொடுப்பவர்களில் நானும் ஒருத்தி. அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். சில, பேசுகிறவர்கள் செய்பவை. சில, வாங்குகிறவர்கள் செய்பவை.

வருமான வரி மட்டும்தான் வரி என்று நினைப்பது முதல் தவறு. மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர் போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் போட்டால் அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. ஆட்டோவுக்கு எரிபொருள் போட்டால் அதில் வரி. பிள்ளைக்குப் பிஸ்கட் வாங்கினாலும் வரி. அப்புறம் டாஸ்மாக். 2023-24இல் மதுக்கடைகள் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். உரிமைத் தொகைக்காக 2025-26 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,807 கோடி. எங்கள் தெருக் கூலிக்காரர்கள் மாலையில் கொண்டுபோய்க் கொடுக்கிற காசும் அந்த 45,855 கோடியில் இருக்கிறது. அதே வீட்டுப் பெண்ணின் கணக்குக்கு மாதம் ஆயிரம் ரூபாய் திரும்பி வந்தால், அதைப் பிறர் போட்ட பிச்சை என்று எப்படிச் சொல்வது?

பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்பது அடுத்தது. ஆயிரத்தை முப்பதால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு 33 ரூபாய். காசிமேட்டில் விடியுமுன்னே ஏலத்துக்கு நிற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஏலத்தில் எடுத்த மீனில் ஐஸைக் கொட்டி, கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, தெருமுனையில் பலகை போட்டு, வெயில் தலைக்கு ஏறும்வரை வெட்டிக் கழுவிக் கொடுக்கிறார்கள். 33 ரூபாய்க்காக இந்த வேலையை விடுவது யார்? நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் மற்ற ஆய்வாளர்களும் ஆறு நாடுகளில் ஏழு பண உதவித் திட்டங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். பணம் கிடைத்ததால் வேலை குறைந்தது என்பதற்குத் திட்டவட்டமான சான்று எதுவும் கிடைக்கவில்லை. 2021 மே மாதம் வந்த கட்டணமில்லாப் பேருந்தை எடுத்துக்கொண்டால் அது வேலைக்குப் போகிறவளுக்கே உதவுகிறது. பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் பேருந்தில் என்ன மிச்சமாகும்?

இனி வாங்குகிறவர்கள் பக்கம் வருகிறேன். இதில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம். கொத்தனார், சித்தாள், பெயின்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர், டைல்ஸ் ஒட்டுகிறவர் என்று எத்தனையோ பேர் இதில் சேரலாம். ஆனால் "கவர்ன்மென்ட் சும்மா குடுக்கறதுக்கு நான் ஏன் கையேந்தணும்?" என்று தன்மானம் பார்த்தே பலர் பதிவு செய்வதில்லை. அந்தத் தன்மானத்தை மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். கட்டடம் கட்டுகிறவரிடம் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் நலநிதியாக வசூலிக்கிறார்கள். 1996ஆம் ஆண்டிலேயே அதற்கு மத்தியச் சட்டம் வந்தது. சாரத்தில் ஏறி நின்று நீங்கள் பூசிய சுவரிலிருந்து, உங்களுக்காகவே எடுத்து வைத்த பணம் அது. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், பிரசவம், விபத்து, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் என்று அது உங்களுக்குத்தான் சேர வேண்டும்.

வயது 18 முதல் 60 வரை. பதிவுக்கோ புதுப்பிப்புக்கோ கட்டணம் கிடையாது. அப்படியிருந்தும் புரோக்கரிடம் ஆயிரம், இரண்டாயிரம் என்று கொடுத்துவிட்டு வருகிறார்கள். அட்டை கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துவிட்டு மறந்துபோவது இன்னும் பெரிய தவறு. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். மகள் கல்யாணத்துக்கு விண்ணப்பிக்க வரும்போதுதான் அட்டை எப்போதோ காலாவதி ஆனது தெரியவரும். அந்த வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க முடியாது. இன்னொன்று, வாரிசு நியமனம். கல்யாணத்துக்கு முன் பதிவு செய்தபோது அம்மா பெயரைக் கொடுத்திருப்பார். பிறகு மனைவி, இரண்டு பிள்ளைகள் வந்தும் மாற்றியிருக்க மாட்டார். அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டால், அந்தப் பெண் கையில் குழந்தையோடு ஒவ்வொரு அலுவலகமாக அலைய வேண்டும். அட்டையை இன்றே எடுத்து, இந்த இரண்டையும் பாருங்கள்.

இதே வாரியத்தில்தான் நேர்மைக் கேள்வியும் வருகிறது. கொத்தனார் கரண்டியே பிடிக்காதவர் யாரிடமாவது வேலைச் சான்று வாங்கி உறுப்பினர் ஆகிவிடுவார். "எல்லாரும் பண்றாங்க" என்பார். அவர் எடுப்பது எங்கோ இருக்கிற பணக்கார வரிதாரரின் காசு என்று அவர் நினைப்பு. உண்மையில் பக்கத்து வீட்டுச் சித்தாளின் நிதியில் அவர் கை வைக்கிறார். இந்த மாதிரி விண்ணப்பங்களை நான் எழுதித் தருவதில்லை. ரேஷன் அரிசியை வாங்கி மாவு மில்லுக்கோ வியாபாரிக்கோ விற்பதும் இதே கணக்குதான், அதோடு அது சட்டப்படி குற்றம். இறந்தவர் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுக்காமல் வைத்திருப்பதும் சரியல்ல. ரேஷன் பொருள் தேவைப்படாத குடும்பங்கள் அட்டையை வைத்துக்கொண்டே பொருளை மட்டும் விட்டுக்கொடுக்க உணவு வழங்கல் துறையின் இணையதளத்தில் வழி இருக்கிறது. வசதி வந்தவர்கள் அதைச் செய்யலாம். கடைக்கு நடந்துபோக முடியாத ஆயாக்களுக்காக வேறொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் இருப்பதும் நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

உரிமைத் தொகையில் சில நடைமுறைத் தவறுகள். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதில்தான் பணம் விழும். வேலைக்குச் சேர்ந்த கம்பெனி புதிதாகச் சம்பளக் கணக்கு திறந்து ஆதாரையும் இணைத்திருக்கும். பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு "காசு நின்னுபோச்சு" என்று அழுகிறவர்களில் சிலருக்குப் பணம் அந்தக் கணக்கில் பேசாமல் கிடக்கிறது. வங்கியில் போய் எந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறது என்று கேட்டாலே போதும். குறைந்தபட்ச இருப்பு வேண்டாத கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வருகிற ஆயிரத்தில் வங்கி அபராதம் பிடித்துக்கொள்ளும். "உங்க தொகை ஏறியிருக்கு, ஓ.டி.பி. சொல்லுங்கக்கா" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். எந்த அரசு அலுவலரும் போனில் ஓ.டி.பி. கேட்க மாட்டார்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதோடு விட்டுவிடுவது இன்னொன்று. குறுஞ்செய்தி வந்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றுதான் திட்டம் தொடங்கும்போதே விதி வைத்தார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள், சொந்தக் கார் இல்லை. இது உங்களுக்குப் பொருந்துகிறது என்றால் காரணத்தைக் கேட்டு வாங்கி எழுதுங்கள். பொருந்தவில்லை என்றால் வேறு பெயரில் போட்டுப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, மணலி, எண்ணூர் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்கும் தம்பிகளுக்கு. "பிடித்தம் வேணாம்ணே, முழுசா கையில குடுங்க" என்று மேஸ்திரியிடம் சொல்லாதீர்கள். பதினைந்தாயிரம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்கு உங்களிடம் பிடிப்பது 0.75 சதவீதம், அதாவது 112 ரூபாய் 50 காசு. முதலாளி போடவேண்டியது 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. பிடித்தம் இல்லை என்றால் உங்களுக்கு மிச்சமாவது 112, அவருக்கு மிச்சமாவது 487. ஆனால் நீங்கள் இழப்பது அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் குடும்பம் முழுவதற்கும் கிடைக்கும் வைத்தியம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்குத்தொகை கட்டியிருந்தால், நோயில் படுக்கும் நாட்களுக்கு வருடத்தில் 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். அதுவும் போகும்.

பெரம்பூர் பக்கத்து மில் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது இப்படி ஒரு சட்டமே கிடையாது. படுத்தால் கூலி இல்லை, அவ்வளவுதான். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல்தான் வந்தது. சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று போட்டிருந்தால் மட்டும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிடித்துக்கொண்டு கட்டாமல் விடுகிற ஒப்பந்தக்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி, மாதாமாதம் பங்குத்தொகை ஏறுகிறதா என்று போனிலேயே பாருங்கள். இரண்டு மாதம் ஏறவில்லை என்றால் சம்பளச் சீட்டின் நகலோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.