பெரிய வளவில் கொட்டிய மேப்பிள் சருகு: தூக்காமல் ஒதுக்குவது எப்படி

ஒக்டோபர் நடுப்பகுதி தாண்டினால் ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் மேப்பிள் மரங்கள் கடகடவென்று மொட்டையாகிவிடும். பின்வளவில் இரண்டு பெரிய மரம் நின்றாலே போதும், புல் கண்ணில் படாது. முதன்முதலாகப் பெரிய வளவோடு வீடு வாங்கியவர்களுக்காக, வருடா வருடம் நான் செய்கிற முறையை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சருகு குப்பை இல்லை. யாழ்ப்பாணத்தில் பூவரசங்குழையும் பனையோலையும் மண்ணுக்குள் புதைத்துத் தாழ்த்து நிலத்தை வளப்படுத்திய சனம் நாங்கள். இங்கே வந்து அதே சத்தைப் பையில் கட்டித் தெருவில் வைத்துவிட்டு, சித்திரை வைகாசியில் காசு கொடுத்து உரம் வாங்குகிறோம். அதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். ஆகவே கீழே சொல்வதில் பாதி, சருகை வளவுக்குள்ளேயே வைத்திருக்கிற வழிதான்.

எப்போது தொடங்குவது

கடைசி இலை விழும்வரை காத்திருக்க வேண்டாம். மேப்பிள் முதலில் கொட்டும், ஓக் நவம்பரிலும் கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று தவணையாகப் பிரித்துச் செய்யுங்கள். ஈரச்சருகு பாய்போல ஒட்டிக் கிடந்தால் புல்லுக்கு வெளிச்சம் போகாது. அதற்கு மேல் பனி மூடினால் பூஞ்சணம் பிடித்து, பனி கரையும்போது புல் வட்டம் வட்டமாகப் பட்டுக் கிடக்கும்.

மழை விட்டு ஒன்றிரண்டு நாள் காய்ந்த பிறகு, பனித்துளி உலர்ந்த மத்தியான நேரம்தான் நல்லது. காய்ந்த சருகு கையில் எடுத்தால் சரசரக்கும். நனைந்தது ரேக்கின் (சருகுவாரியின்) பல்லில் குத்திக்கொண்டு நிற்கும், நாலு இழுப்புக்கு ஒருதரம் குனிந்து உருவவேண்டி வரும்.

தேவையானவை

அகலமான விசிறி ரேக் ஒன்று (24 முதல் 30 அங்குலம், பிளாஸ்டிக் போதும்), கையுறை, 8 அடிக்கு 10 அடி அளவில் ஒரு தறப்பாள். சருகை ஊதித் தள்ளும் புளோவர் இருந்தால் காதுக்கு மூடி போடாமல் எடுக்காதீர்கள்.

நீளக் காற்சட்டையும், அதன் நுனிக்கு மேலே இழுத்துவிட்ட காலுறையும் கட்டாயம். சருகுக்குள் உண்ணி இருக்கும். குறிப்பாக ரொறன்ரோவின் கிழக்கே உள்ள ரூஜ் பள்ளத்தாக்கை அண்டிய வீடுகளில், லைம் நோயை (உண்ணிக் கடியால் வரும் பக்டீரியா நோய்) பரப்பும் கருங்கால் உண்ணி இருக்கிறது. வெப்பநிலை 4 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் அது நடமாடும். வேலை முடிந்து குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், அக்குள், தலைமயிர் ஓரம் எல்லாம் பாருங்கள். பிள்ளைகள் சருகில் விளையாடினால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை: அரைப்பது

புல்லின் மேல் மெல்லிசாகக் கிடப்பதை வாரவே தேவையில்லை. புல்வெட்டியின் பையைக் கழற்றிவிட்டு, உயரத்தை 3 அங்குலத்தில் வைத்து அதன் மேல் ஓட்டுங்கள். பிறகு குறுக்காக இன்னொருதரம். சருகு விரல்நக அளவில் துண்டாகிப் புல்லுக்கிடையே இறங்கிவிடும். ஓட்டி முடித்து நின்று பார்த்தால் புல் நுனிகள் தெரியவேண்டும். தெரியாவிட்டால் சருகு கூடிவிட்டது, மிச்சத்தை வாருங்கள். இப்படி அரைத்துவிட்டால் புல்தரைக்கு நன்மைதான் என்பதை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் ஆய்வு செய்தே காட்டியிருக்கிறது.

இரண்டாவது: வாரி இழுப்பது

புதிதாகச் செய்பவர்கள் பிழை விடுவது இங்கேதான். வளவின் நடுவில் ஒரு பெரிய மலையாகக் குவிப்பார்கள், பிறகு அதை அள்ளி அள்ளிச் சுமப்பார்கள். நாரி போய்விடும்.

வளவைப் பத்தடி அகலப் பட்டைகளாக மனதில் பிரியுங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே வாருங்கள். பட்டையின் முடிவில் தறப்பாளை விரித்து, அதன் ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, சருகை நேராக அதன் மேல் தள்ளுங்கள். முக்கால்வாசி நிரம்பியதும் நாலு மூலையையும் சேர்த்துப் பிடித்து, பின்னோக்கி நடந்து இழுங்கள். தூக்கக் கூடாது. வாரும்போது இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வையுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருதரம் கைமாற்றிப் பிடியுங்கள்.

எக்காரணம் கொண்டும் தெருவுக்குத் தள்ளாதீர்கள். முதல் வருடம் நான் நடைபாதை ஓரமாகக் குவித்துவிட்டுப் படுத்தேன். இரவு மழை அதை அடித்துக்கொண்டுபோய் வடிகான் வாயை அடைத்தது. விடிய எழும்பிப் பார்த்தால் அயலவரின் வாசல்வரை தண்ணீர். மழையில் நின்று கையால் கிளறி எடுத்தேன்.

வாரியதை என்ன செய்வது

வேலியோரம், பற்றைகளின் அடி, மரத்தைச் சுற்றி: இங்கெல்லாம் சருகை அரைக்காமல் அப்படியே பரப்பிவிடுங்கள். வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் மின்மினிப் புழுக்களும் இந்தப் போர்வைக்குள்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மரத்தின் தண்டில் மட்டும் முட்டக்கூடாது.

மிச்சத்துக்கு, கோழிக்கம்பி வலையை ஒரு மீற்றர் அகல வட்டமாகக் கட்டி மூலையில் நிறுத்துங்கள். சருகைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மிதித்து இறுக்குங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் கறுத்து, காட்டுமண் வாசத்தோடு உதிரும். மண்ணின் ஈரத்தைப் பிடித்துவைக்க இதைவிட நல்லது இல்லை.

பைக்குள் போகவேண்டியது நோய் பிடித்த சருகு. நோர்வே மேப்பிள் இலையில் தார் சொட்டியதுபோல் கறுப்புப் பொட்டுகள் இருந்தால் அது பூஞ்சை நோய். மரம் சாகாது, ஆனால் அடுத்த வருடமும் பொட்டு வரும். அதைக் கட்டி அனுப்புங்கள். ரொறன்ரோ மாநகரில் காகிதப் பையோ, மூடியில்லாத உறுதியான தொட்டியோதான் எடுப்பார்கள், பிளாஸ்டிக் பை கூடாது. ஒன்றின் எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது. ஈரச்சருகை அமத்தி நிரப்பினால் தூக்கும்போதே அடி பிய்ந்துவிடும். மற்ற நகரங்களில் உங்கள் நகரசபை நாட்காட்டியைப் பாருங்கள்.

ஒரு தறப்பாள் அளவு சருகை மட்டும் அரைத்து ஒதுக்கி வையுங்கள். அது உள்ளி (வெள்ளைப்பூண்டு) நடுவதற்கு. ஒக்டோபரில் பல்லைப் பிரித்து நட்டு, மேலே ஐந்தாறு அங்குலத்துக்கு இந்தச் சருகை மூடிவிடுங்கள். ஏப்ரலில் பனி போனதும் அந்தப் பாத்தியில்தான் முதல் பச்சை தெரியும். முளை வளைந்து நின்றால் அந்த இடத்தில் மட்டும் சருகை விரலால் விலக்கிவிடுங்கள், மிச்சம் யூலையில் உள்ளி கிண்டும்வரை கிடக்கட்டும்.